லிஸ்தா அக்கா

குசினி அலுமாரியைத் திறந்து, தலையை உள்ளே விட்டபடியேதான் அகஸ்ரீனா மணமக்களைச் சுகம் விசாரிப்பார். "சுகமாய் இருக்கிறியளோ பிள்ளையள்?" என்ற கேள்வி அலுமாரிக்குள் இருந்து வரும். பதில் வருவதற்குள் கை இரண்டாவது தட்டைத் துழாவத் தொடங்கியிருக்கும். ஒரு சோற்றுப் பானை, அடிப்பிடித்த ஒரு தாச்சி, பிடி உடைந்த இரண்டு கோப்பைகள், முன்பு குடியிருந்த யாரோ விட்டுப்போன மொக்காக் கோப்பிப் பானை. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, அடியில் சுண்டிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைப்பார். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போலக் கதிரையில் வந்து உட்கார்ந்து, "எனக்குத் தேத்தண்ணி வேண்டாம் பிள்ளை, கோப்பை காணாது" என்பார்.

இத்தாலியின் பலேர்மோவில் ஒரு தமிழ்க் கலியாணம் நிச்சயமாகிவிட்டால், மண்டபம் பேசுவதற்கு முன்பே அவர் காதுக்குச் செய்தி எட்டிவிடும். யாரும் அழைப்பதில்லை. அழைக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அவராக வருவார், அலுமாரி பார்ப்பார், யன்னலை அளப்பார், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் எத்தனை அடி என்று பார்ப்பார். அவருடைய கைப்பையில் செபமாலையும் தையற்காரரின் அளவு நாடாவும் ஒரே உறைக்குள் கிடக்கின்றன. பூசை நடுவில் செபமாலையை எடுக்கப் போய் நாடாவை இழுத்துவிட்டு, அது வாங்கிலிருந்து தரை வரை தொங்கியபோதும் முகம் மாறாமல் சுருட்டி வைத்தவர். நாடாவின் மறுமுனையைப் பிடிப்பதற்கு அவருடைய கணவர் பெனடிக்ற் கூடவே வருவார். பேச்சுக் குறைந்த மனிதர். "பிடியுங்கோ" என்றால் பிடிப்பார், "விடுங்கோ" என்றால் விடுவார். இருபத்தாறு வருட இல்வாழ்க்கையை இந்த இரண்டு சொற்களில் ஓட்டிவிட்ட பாக்கியசாலி.

அகஸ்ரீனாவுக்கு வயது நாற்பத்தெட்டு. ஊர்காவற்றுறைக்காரி. பொலிதேயாமா நாடக அரங்குக்கு அருகில் இத்தாலிய எசமானி, சிஞ்ஞோரா ஒருவரின் வீட்டில் பத்து வருடமாகத் துடைக்கிறார், சமைக்கிறார், சிஞ்ஞோராவின் கோபதாபங்களையும் சேர்த்துப் பராமரிக்கிறார். லிஸ்தா என்ற பரிசுப் பட்டியல் வித்தையை அவர் கற்றதும் அந்த வீட்டில்தான். தொண்ணூற்றொன்றில் சிஞ்ஞோராவின் மகளுக்குக் கலியாணம். ஒரு நாள் அவரையும் கூட்டிக்கொண்டு பீங்கான் கடை ஒன்றுக்குப் போனார்கள். அங்கே மணப்பெண் சுற்றி நடந்து, "இது பன்னிரண்டு, அது ஆறு" என்று விரலை நீட்ட, கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு கலியாணத்துக்கு வருகிறவர்கள் அந்தக் கடைக்குப் போய், கொப்பியைப் பார்த்து, தங்களுக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுப்பார்களாம். வாங்கினதைக் கடைக்காரர் வெட்டிவிடுவாராம்.

"கேட்டு வாங்கினமோ? வெக்கமில்லையோ உதுகளுக்கு?" என்று அன்றிரவு பெனடிக்றிடம் கேட்டார். பெனடிக்ற் திரும்பிப் படுத்துக்கொண்டார். அகஸ்ரீனாவுக்கோ மூன்று நாள் அந்தக் கொப்பி மனதை விட்டுப் போகவில்லை.

அடுத்த வருடம் பத்மநாதனின் கலியாணம் வந்தது. மனிதருக்கு ஒற்றை அறை வீடு. குளிர்சாதனப் பெட்டி கிடையாது. பரிசாக வந்தவை ஒன்பது ஐஸ்கிரீம் கிண்ண செற். ஒன்பதும் வண்ணத் தாள் சுற்றி, ஒன்பதும் றிபன் கட்டி. சோறு வடிக்க ஒரு பானை தர ஒருவருக்கும் தோன்றவில்லை. பானை தருவது மரியாதைக் குறைவு என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞானம் பிறந்திருந்தது. புது மனைவி ஒரு மாதமாகப் பக்கத்து வீட்டில் பானை இரவல் வாங்கிச் சமைத்ததைக் கண்டபோதுதான் அகஸ்ரீனா ஒரு முடிவுக்கு வந்தார். கேட்பதுதானே வெட்கம். மணமக்கள் வாயைத் திறக்காமல், கொடுப்பவருக்கும் யாரும் கேட்டதாகத் தெரியாமல் காரியம் நடந்தால்?

அப்படித்தான் அவருடைய லிஸ்தா பிறந்தது. அதற்குக் கடையும் இல்லை, கொப்பியும் இல்லை. பங்குக் கோவில் கலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் சாமான்களின் பெயர் மட்டும் எழுதியிருக்கும். மணமக்களின் பெயர் இருக்காது. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் தூணோரமாக நின்று, வருகிறவர் போகிறவரிடம் ஊர்க்கதை கதைப்பார். கதையின் நடுவில், கறிக்கு உப்புப் போடுகிற மாதிரி, "பாவம், அந்தப் பிள்ளை தண்ணி காய்ச்சிறதும் கறி வைக்கிறதும் ஒரே சட்டியிலைதான்" என்று ஒரு வரி விழும். கேட்டவர் நிமிர்ந்து பார்த்தால், "நான் ஒண்டும் சொல்லேல்லை, கண்டதைச் சொல்லுறன்" என்பார். அடுத்த ஞாயிறு அந்த மனிதர் தானாகவே வந்து, "அக்கா, நான் ஒரு சட்டி செற் குடுக்கலாமெண்டு யோசிக்கிறன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால், "அட, நல்ல யோசினை! எனக்கு வரேல்லையே" என்று வாயைப் பிளப்பார். வீட்டுக்குப் போய் அந்த வரியை வெட்டுவார்.

ஆளுக்கு ஆள் முறை மாறும். கோபாலசிங்கம் என்று ஒருவர் இருக்கிறார். யார் எதைச் சொன்னாலும் மறுத்துச் சொல்வதே அவருடைய சமயம். அவரிடம் மட்டும், "என்ன குடுத்தாலும் குடுங்கோ, அயன்பொக்ஸ் மட்டும் குடுத்திடாதேங்கோ" என்பார். கோபாலசிங்கம் நேரே போய் அயன்பொக்ஸ்தான் வாங்குவார். இப்படியே பலேர்மோவில் ஆறேழு வருடத்தில் முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள் ஒழுங்காய் நிரம்பின. வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதம் அந்த நாடாவுக்குக் கிடையாது. சனம் அவருக்கு லிஸ்தா அக்கா என்று பெயர் வைத்தது. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

அவருடைய தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. சொந்த இரத்தத்துக்கு வாய் திறக்கக் கூடாது. மூன்றாவது ஆள் சொன்னால் அது தகவல், பெற்றவள் சொன்னால் அது யாசகம். இந்தக் கண்டிப்பை அவர் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் நல்லதாய் இருந்திருக்கும். தொண்ணூற்றைந்தில் ஞானம்பிகை தன் மகனின் கலியாணத்துக்கு முன் இரண்டு மூன்று பேரிடம் உடுப்புத் தோய்க்கிற மெசினைப் பற்றி ஜாடை காட்டியிருக்கிறார். ஞானம்பிகை கோப்பாயைச் சேர்ந்த சைவக்காரி, அகஸ்ரீனாவுக்கு நாலு வயது மூப்பு, ஒரேத்தோப் பகுதியில் இவருக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர். வுச்சீரியாவில் மீன் தட்டுக்கு முன்னால், சனிக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில், பாதித் தமிழ்ச் சனம் கேட்க, அகஸ்ரீனா சொன்னார்: "ஞானமக்கா, பெத்த பிள்ளைக்குக் கேக்கிறது பிச்சை."

ஞானம்பிகை நிறுத்த மீனை வாங்காமலே போனார். மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லை. சரியாகச் சொல்லிவிட்டோம் என்றுதான் அகஸ்ரீனா நெடுங்காலம் நினைத்திருந்தார்.

இந்த வருடம், தொண்ணூற்றெட்டில், அவருடைய ஒரே மகள் அமலினிக்குக் கலியாணம். மாப்பிள்ளை றமேஸ், ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற பொடியன், நல்ல பிள்ளை. செப்டெம்பர் முதற் சனிக்கிழமை நாள். அகஸ்ரீனாவுக்கு இந்தக் கலியாணத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். எண்பத்தெட்டில் அவர் கணவனைத் தேடி இத்தாலிக்கு வந்தபோது அமலினிக்குப் பதின்மூன்று வயது. சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தார். பத்திரங்கள் சரிவந்து பிள்ளை வந்து சேர்ந்தபோது பதினெட்டு. விமான நிலையத்தில் தன் மகளை ஒரு நிமிடம் அடையாளம் தெரியாமல் நின்றதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. 

ஒரேத்தோவில் அவர்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கட்டடத்தில், இரண்டாம் மாடியில், இரண்டு அறை வீடு ஒன்று ஒழிந்திருக்கிறது. அதன் பல்கனியில் நின்றால் இவர்கள் பல்கனி தெரியும். ஆனி மாதமே பெனடிக்றைக் கூட்டிக்கொண்டு போய் அளந்துவிட்டார். யன்னல் மூன்று, குசினி மூலையில் குளிர்சாதனப் பெட்டிக்குச் சரியான இடம், கட்டில் போட்டாலும் தொட்டிலுக்கு ஒரு மூலை மிச்சம். "அந்த வீடு நல்லம் பிள்ளை" என்று அமலினியிடம் நாலைந்து முறை சொன்னார். "பாப்பம் அம்மா" என்றாள் அமலினி. மற்றவர் வாயில் வருகிற "பாப்பம்" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் பலேர்மோவில் இல்லை. மகள் வாயில் வந்தபோது மட்டும் அதை "ஓம்" என்று எடுத்துக்கொண்டார்.

கலியாணம் நெருங்க, ஒரு வேடிக்கை நடந்தது. வருடக்கணக்காக இவர் சொல்லிக் கொடுத்துப் பழகின சனம், இவர் சொல்லாமல் என்ன வாங்குவது என்று தெரியாமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் தூணோரம் வந்து சுற்றுவார்கள். "அமலினிக்கு என்ன அக்கா..." என்று இழுப்பார்கள். "நீங்கள் வந்தாலே போதும்" என்று சொல்லிவிட்டு அகஸ்ரீனா வானிலையைப் பற்றிக் கதைப்பார். றோஸ்மேரி என்ற அவருடைய கூட்டாளி வெறுத்துப்போய், "அப்ப நான் ஐஸ்கிரீம் கிண்ணம்தான் தருவன்" என்று வெருட்டியும் பார்த்தார்.

அந்த நிலைமையில் ஒரு மாலை ஞானம்பிகை வீட்டுக்கு வந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு முதற்தடவை. உட்காராமலே சொன்னார்: "அகஸ்ரீனா, உம்மடை வாய் திறக்க வேண்டாம். என்னென்ன வேணுமெண்டு எனக்குச் சொல்லும். நான் சனத்துக்குச் சொல்லுறன். மூண்டாம் ஆள் சொன்னால் பிழையில்லைத்தானே?"

குத்தலா, கருணையா என்று அகஸ்ரீனாவுக்குப் பிடிபடவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாய் தன்பாட்டில் சொல்லத் தொடங்கியது: மூன்று யன்னலுக்கும் திரைச்சீலை, நீளம் இவ்வளவு, குசினி மூலைக்குக் குளிர்சாதனப் பெட்டி, நாலைந்து பேர் சேர்ந்து, சாப்பாட்டு மேசை, ஆனால் வட்ட மேசை வேண்டாம், கதவு இடிக்கும். அந்த இரண்டாம் மாடி வீடு முழுவதையும் சொல்லிவிட்டார். ஞானம்பிகை கேட்டுக்கொண்டு போனார். அவர் லேசுப்பட்டவர் இல்லை. ஒரே கிழமையில் எல்லாச் சாமானுக்கும் ஆள் பிடித்துவிட்டார். ஓகஸ்ற் நடுப்பகுதி, ஊரே கடலுக்குப் போய்க் கடைகள் பூட்டிக் கிடந்த நாட்கள். கடை திறந்ததும் வாங்குவது என்று பேச்சு. கோபாலசிங்கம் மட்டும் யாரும் கேட்காத ஒரு அயன்பொக்ஸை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்.

அமலினிக்கு விஷயம் றோஸ்மேரி வாயால்தான் தெரிந்தது. "உங்கடை யன்னலுக்கு நீலம் பிடிக்குமோ, பச்சை பிடிக்குமோ?" என்று அவர் தெருவில் மறித்துக் கேட்டிருக்கிறார். பிள்ளை வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"அம்மா, எந்த யன்னல்?"

"அந்த வீட்டு யன்னல்தான் பிள்ளை."

"அந்த வீடு எங்களுக்கில்லை அம்மா." அமலினி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "றமேசுக்கு மேலை, வடக்கிலை, மொதனாப் பக்கம், ஓட்டுக் கல்லுச் செய்யிற பபிறிக்காவிலை வேலை சரிவந்திட்டுது. கொந்திராத்தோவோடை. இஞ்சை ஆர் அவருக்குக் கொந்திராத்தோ தரப்போகினம்? அது இல்லாமல் பெர்மெசோவைப் புதுப்பிக்க ஏலுமோ? கலியாணம் முடிஞ்சு பத்தாம் நாள் ரெயின்."

"எப்ப தெரியும்?"

"ஆடியிலை."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அந்த வீட்டை அளந்துபோட்டு வந்து நிண்ட நிலையைப் பாத்தாப் பிறகு, என்னெண்டம்மா சொல்லுறது?"

வேலை ஒப்பந்தமும் வதிவிட அனுமதியும் இல்லாமல் இந்த நாட்டில் மனிதன் காற்றில் நிற்கிறான் என்பது அகஸ்ரீனாவுக்குத் தெரியாததல்ல. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அமலினிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பல்கனிக்குப் போய், காய்ந்திருந்த உடுப்புகளை எடுத்து மடித்தார். மடித்தவற்றை உதறி மறுபடியும் மடித்தார். பெனடிக்ற் வந்து பக்கத்தில் நின்று, தாமாகவே ஒரு பெற்சீற்றின் மறுமுனையைப் பிடித்தார்.

இரண்டு நாள் வழக்கம்போல் வேலைக்குப் போய் வந்தார். பிள்ளை மறுபடியும் தூரப் போகிறாள் என்பதைவிட, இந்த முறை போகிற காரணம் சரியானது என்பதுதான் அவரை வாட்டியது. பிழை என்றாலாவது மறிக்கலாம். சிஞ்ஞோராவிடம் மொதனா எப்படி என்று விசாரித்தார். சிஞ்ஞோரா கண்ணை உருட்டி, தோளைக் குறுக்கி, குளிர்காலத்தில் அங்கே மூடுபனி சுவர் மாதிரி நிற்கும், எலும்புக்குள் ஈரம் இறங்கும் என்று நடித்தே காட்டினார். அந்தம்மாவுக்கு எதையும் சும்மா சொல்லத் தெரியாது.

மூன்றாம் நாள் அகஸ்ரீனா மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த வீட்டிலை கட்டில் எவ்வளவு பெரிசு?"

"காணேல்லை அம்மா. பபிறிக்காக்காரர் தாற அறை. றமேசும் இன்னும் காணேல்லை."

முப்பதுக்கு மேல் வீடு நிரப்பியவருக்கு, தன் பிள்ளை போய்ப் படுக்கப்போகிற அறையின் ஒரு சுவரைக்கூடத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு வெயில் கொளுத்தியது. தெற்கிலிருந்து வீசிய காற்று அடுப்பைத் திறந்துவிட்டது போல இருந்தது. பூசை முடிந்து சனம் கோவில் வாசலுக்கு வந்து, நிழலுள்ள படியாகப் பார்த்து ஒதுங்கியது. ஞானம்பிகையும் நின்றார். அவர் சைவம் என்றாலும் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கோவிலுக்கும் ஏறுவார், ஞாயிறு பூசைக்கும் வருவார், கடவுள்மாரில் ஒருவரையும் கைவிட மாட்டார். விஷயத்தை முதல் நாளே கேள்விப்பட்டிருந்தார். அகஸ்ரீனாவின் காதருகே குனிந்து, "பிறிட்ஜ் வேண்டாமெண்டு நான் சொல்லுறன். வேறை என்ன வேணுமெண்டதையும் நானே சொல்லுறன். நீர் தூணடியிலை நில்லும்" என்றார்.

"இல்லையக்கா. இதை நான்தான் கேக்கோணும்."

"சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும். அண்டைக்கு மீன் சந்தையிலை உங்களைக் கதைச்சது நான்தானே."

வழக்கமான தூணை விட்டுவிட்டு அகஸ்ரீனா படிகளின் நடுவில், வெயிலில் போய் நின்றார். ஊர்க்கதை ஒன்றும் இல்லை. உப்புப் போடுகிற மாதிரி ஒரு வரி விழவும் இல்லை. குரல் எல்லோருக்கும் கேட்டது.

"ஒருதரும் பிறிட்ஜ் வாங்க வேண்டாம். யன்னல் சீலையும் வேண்டாம். என்ரை பிள்ளை மொதனாவுக்குப் போறாள். தூக்கிக்கொண்டு போகக்கூடியதாய்த்தான் வேணும். அங்கை சரியான குளிராம். பெத்தவள் கேக்கிறது பிச்சையெண்டு ஞானமக்காவைச் சொன்னனான். இப்ப நான் கேக்கிறன். என்ரை பிள்ளைக்குக் கம்பளி தாங்கோ."

சனம் நெற்றி வியர்வையை வழித்துவிட்டுக்கொண்டது. கோபாலசிங்கம் ஏதோ மறுத்துச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். றோஸ்மேரி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பெனடிக்ற் இரண்டு படி கீழே வந்து, மனைவிக்குப் பின்னால் நின்றார்.

ஞானம்பிகைதான் முதலில் வாய் திறந்தார். பழையதை எடுக்கவில்லை. தேங்காய் விலை கேட்கிற குரலில், "சரி, நான் ஒண்டு தாறன். எவ்வளவு பெரிசு வேணும்?" என்று கேட்டார்.

அகஸ்ரீனாவின் கை தன்பாட்டில் அளவு நாடாவைத் தேடிப் பைக்குள் போனது. சொல்ல அவரிடம் கணக்கு இல்லை. கைப்பையைப் படியில் வைத்துவிட்டு, அந்த வெயிலில், எல்லோரும் பார்த்திருக்க, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். போதாது என்று தோன்றியதோ என்னவோ, குதியை உயர்த்தி, விரல் நுனி வரை நீட்டி, இன்னும் கொஞ்சம் விரித்தார்.